குங்குமச் சிமிழோடு ஒரு கருத்துக் கணிப்பு

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்று என் முன்னால் இருக்கிறது. முன்பக்கத்தில் ஐப்பசி, வெள்ளிக்கிழமை, வளர்பிறை என்று அச்சிட்டு, கீழே நல்ல நேரமும் போட்டிருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலில் என் கையெழுத்து: "மதிப்பீட்டுப் படிவத்துக்கு அழைப்பு. நானும் மனைவியும் போனோம். கிழக்குத் தெரு முடிந்தது. எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். பதில் ஒன்றும் வரவில்லை. காரணம் தெரியவில்லை."

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு எழுதியதை நான் திருத்துவதில்லை. தெரியாத அன்றைக்குத் தெரியவில்லை என்று இருப்பதுதான் சரியான பதிவு.

நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீடு, அங்கிருந்து பள்ளிபாளையம் போகும் வழியில் உள்ள ஒரு ஊரில். தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை நாலைந்து வரி எழுதிவைப்பது என் பழக்கம். தேதியை நான் எழுத வேண்டியதில்லை, சிவகாசிக்காரர்கள் அச்சடித்தே அனுப்பிவிடுகிறார்கள். கோயில் மதிலிலோ பாலத்தின் தலைமாட்டிலோ கல் பதித்திருந்தால் மொபெட்டை ஓரமாக நிறுத்தி, எந்த ஆண்டு, யார் திறந்துவைத்தது என்று எழுதிக்கொண்டுதான் நகர்வேன். இந்தப் பழக்கம்தான் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு ஆரம்பம்.

என் மனைவியின் தங்கை பள்ளிபாளையத்தில் இருக்கிறாள். என் மனைவிக்கு வாரம் ஒருமுறையாவது அங்கே போய்வர வேண்டும். பேருந்தில் போனால் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். என்னோடு மொபெட்டில் வந்தால் என்ன ஆகும் என்பதை அவளே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். "இவருகூடப் போனா ஒவ்வொரு கல்லுக்கும் நின்னு தேதி கேட்டுட்டுத்தான் போகோணும். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எந் தங்கச்சி வெச்ச காப்பி ஆறிப் போயிரும்." இதில் மிகை கொஞ்சம் உண்டு. பொய் இல்லை.

அப்படியிருக்கும்போது, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளை எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தது. கட்டணம் இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கிற வரைக்கும் அவர்களே துணைக்கு வந்தார்கள். தறிப்பட்டறைக்குப் போகிற பெண்கள், வீட்டோடு இருப்பவர்கள் என்று முதல் அணியில் பலரும் சேர்ந்தார்கள். என் மனைவியால் சேர முடியவில்லை. எங்கள் மகளின் பேறுகாலத்துக்காக அவள் நாமக்கல்லில் தங்கியிருந்த மாதங்கள் அவை. கைக்குழந்தையோடு மகளை அழைத்துக்கொண்டு அவள் ஊர் திரும்பியபோது, எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஸ்கூட்டரில் வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று, "ஏறுங்க அக்கா, பைய நாங் கொண்டாறேன்" என்றாளாம். பையை மட்டும் கொடுத்துவிட்டு என் மனைவி நடந்து வந்தாள். அன்று மாலையே போய் இரண்டாம் அணிக்குப் பெயர் கொடுத்தாள். அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை வைத்திருப்பவள். முதல் அணியில் அவளைப் போல் விழுந்தவர்களும் இல்லை, அவளைப் போல் கற்றுக்கொண்டவர்களும் இல்லை. பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே வாழைப்பழத் தள்ளுவண்டி ஒன்றை இடித்துச் சாய்த்துவிட்டு, சிதறிய சீப்புகளை அவளே வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தாள். உரிமம் வாங்கியதும் பாவு நூல் வாங்க, துணி கொடுக்க எல்லாவற்றுக்கும் அவளே போனாள். என் மனைவியை அக்கா என்பாள், என்னை மாமா என்பாள்.

இரண்டாம் அணி உடனே தொடங்கவில்லை. முதல் அணியால் ஊருக்கு என்ன பயன் என்று மதிப்பீடு செய்து அறிக்கை அனுப்பினால்தான் அடுத்த நிதி வரும் என்றார்கள். அதற்கென்று ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் நியமிக்கப்பட்டாள். ஊர் வரைபடத்தை வைத்து, கற்றவர்கள் வீடு, கல்லாதவர்கள் வீடு என்று பார்க்காமல், கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்தது. அந்த வீடுகளில் பெரும்பாலோர் கார்த்திகை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது. அறிக்கை இல்லையென்றால் இரண்டாம் அணி இல்லை.

முதலில் செல்பேசிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். நீல எழுத்தில் ஒரு இணைப்பு, அதைத் தொட்டால் படிவம் திறக்கும். எங்கள் ஊரில் யார் தொடுவார்கள்? தொட்டால் வங்கியில் இருக்கிறதெல்லாம் போய்விடும் என்று அதற்கு முந்தைய மாதம்தான் வங்கி மேலாளரே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பலர் அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். கிழக்குத் தெருவில் ஒருவர் மட்டும் அந்த எண்ணுக்கே போன் போட்டு, வேறு வேலை பார்த்துப் பிழைக்கும்படி அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொன்னாராம்.

பிறகுதான் அவள் என்னைத் தேடி வந்தாள். தேதி வாரியாக எல்லாம் எழுதிவைப்பவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த ஒருவர் நேரில் போய் அழைத்தால் பதில் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். நான் ஒப்புக்கொள்வதற்குள் என் மனைவி ஒப்புக்கொண்டாள்.

அழைப்பு வாசகத்தை நான்தான் எழுதினேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுத்தேன். அங்கே ஆண்டு முழுக்கக் கல்யாணப் பத்திரிகைதான் அடிப்பார்கள். மிச்சமிருந்த அட்டையில் போட்டால் மலிவு என்றார் அச்சகக்காரர். அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது போல் நிறம், மேலே இரண்டு குத்துவிளக்கு. நடுவில் "தாங்கள் தங்கள் குடும்பத்தாருடன் ஸ்கூட்டர் பயிற்சி பற்றிய தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்ற என் வாசகம். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அழைக்கப் போனால் கணவன் மனைவி இருவருமாகப் போக வேண்டும். வீட்டுப் பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து, இருவரையும் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் தகவல், அழைப்பு ஆகாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, நாள்காட்டியில் போட்டிருந்த நல்ல நேரத்தில், என் மனைவி பட்டுக் கரைச் சேலை கட்டிக் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டாள். நான் அட்டைகளையும் தேர்ந்தெடுத்த வீடுகளின் எண்களையும் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணுள்ள வீடுகளுக்கு மட்டும் போய், மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பச் சொன்னோம். மற்ற வீடுகளைத் தாண்டிப் போனோம்.

தாண்டிப் போனோம் என்பதுதான் விஷயம். இதைச் சேலத்துப் பெண் செய்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்த ஊரிலேயே இருந்து, எத்தனையோ கல்யாணத்துக்குக் குங்குமம் வாங்கியும் கொடுத்தும் பழகிய நாங்கள் இருவரும் செய்தோம். எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் வாசல்களைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் எதிர்வீட்டுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் எங்கள் வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அவளிடம் என்ன கண்ணு என்று கேட்டாள்.

"நாங்கெல்லாம் ஆருங்க அக்கா?" என்றாள் அவள். "குங்குமத்தக் கையில வெச்சுட்டு எங்க ஊட்டு வாசலத் தாண்டிப் போனீங்களே. அவ்வளவுதானுங்க நாங்க."

"அது விசேசமில்ல கண்ணு. கம்ப்யூட்டரு எடுத்துக் குடுத்த ஊட்டுக்கு மட்டும் போனோம்."

"கம்ப்யூட்டருக்கு எங்க ஊடு தெரியலீங்களாக்கும்? கரண்டு பில்லு போடறப்ப மட்டும் நல்லாத் தெரியுது."

குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு முழுதும் அவளுடைய தறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது போல் எனக்குத் தோன்றியது.

அழைக்கப்பட்ட வீடுகளாவது பதில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர். அவரைப் போய்க் கேட்டேன். அவர் மிகவும் சங்கடப்பட்டார். "நீங்க வந்து சொன்னது சந்தோசமுங்க. ஆனாப் பாருங்க, பக்கத்து ஊட்டுக்குச் சொல்லாம எனக்கு மட்டும் சொன்னா நா எப்படிங்க முந்தி வந்து நிக்கறது? தெனமும் அவங்க மூஞ்சில முழிக்கோணுமல்ல." அழைக்காத வீட்டாருக்குக் கோபம், அழைத்த வீட்டாருக்குக் கூச்சம். ஊரே ஒன்றாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது.

அன்று மாலை என் மனைவி மகளின் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, திண்டில் சாய்ந்தாள். பிறகு, "பேரு குடுத்ததோட சரி போலிருக்குதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் ஃபேர்லேண்ட்ஸ் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள், "சார், எனக்கு ஒண்ணுதான் புரியல. சர்வேக்கு எதுக்கு சார் குங்குமம்?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அடுத்த நாளே புறப்பட்டு வந்தாள்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் பொறுமையாகச் சொன்னாள். எல்லாரையும் கேட்டால் பிடித்தவர்கள் அதிகமாக வந்து பாராட்டிவிட்டுப் போவார்கள், பிடிக்காதவர்கள் வராமல் இருப்பார்கள். அப்போது ஊரின் உண்மையான கருத்து கிடைக்காது. குலுக்கல் முறை அதற்காகத்தான். அவள் சொன்னது முழுக்க நியாயம். நான் புள்ளியியல் பற்றிப் படித்த புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. என் மனைவி அவளுக்கு இன்னொரு தோசை வைத்துவிட்டு, "கூப்புடறது எல்லாத்தையும் கூப்புடலாம் சாமி. அப்பறம் நீ ஆர எண்ணோணுமோ அவங்கள எண்ணிக்க. அது உன்ற பாடு" என்றாள்.

அந்தப் பெண் தோசையைப் பிய்க்காமல் யோசித்தாள். பிறகு அவளே மளமளவென்று திட்டம் போட்டாள். குலுக்கலில் வந்த வீட்டாருக்கு வெள்ளைப் படிவம், மற்றவர்களுக்கு மஞ்சள். இரண்டும் தனித்தனிப் பையில் போகும். வெள்ளை மட்டுமே கணக்கில் சேரும். இப்படிச் செய்தது ஏன் என்று அறிக்கையில் ஒளிக்காமல் எழுதிவிடுவாள். ஒரு நிபந்தனையும் போட்டாள். இரண்டாம் அணிக்குப் பெயர் கொடுத்தவர் என் மனைவி. ஆகவே யாரும் பதில் சொல்லும்போது அவளோ நானோ அருகில் இருக்கக் கூடாது. டீ போடுகிற இடத்தில் இருக்கலாம். என் மனைவி அதை ஒரு பதவி போல ஏற்றுக்கொண்டாள்.

மறுபடியும் ஊரை அழைத்தோம். இந்த முறை ஒரு வாசல் விடவில்லை. முதல் வீடாக எதிர்வீட்டுக்குத்தான் போனோம். அவள் தறியை நிறுத்தவில்லை. என் மனைவி சிமிழைத் திறந்து நீட்டியபடி அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்றாள். நான் அட்டையோடு பின்னால் நின்றேன். பாவில் ஒரு இழை அறுந்ததோ என்னவோ, தறி நின்றது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். நாங்கள் படியிறங்கும்போது, "எத்தன மணிக்குங்க அக்கா வரோணும்?" என்றாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். சந்தைத் திடலில் சாமியானா போட்டிருந்தோம். ஊர் விசேஷத்துக்கு வருவது போல வந்தது. பெண்கள் பட்டுப் புடவையில், ஆண்கள் மடித்து வைத்திருந்த சட்டையில். சிலர் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துத் தட்டு கொண்டுவந்தார்கள். ஒரு பாட்டியம்மா என்னிடம் பொண்ணு எங்கே என்று கேட்டார். நான் ஃபேர்லேண்ட்ஸ் பெண்ணைக் காட்டினேன். அவர் போய் அவளுடைய கன்னத்தை வழித்துவிட்டு உட்கார்ந்தார். மதிப்பீடு செய்பவர் பரிசு வாங்கக் கூடாது என்பது அவர்கள் அலுவலக விதி. தட்டுகளைப் பார்த்து அவள் தவித்துப் போனாள். பழங்களை எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டோம். தேங்காய்களை உடைத்துச் சட்னி அரைத்தோம், போண்டாவுக்கு ஆயிற்று.

பதில் சொல்லும் மேசையைத் தள்ளி, புளியமரத்தடியில் போட்டிருந்தார்கள், ரகசியம் காப்பதற்காக. எங்கள் ஊர்க்காரர்கள் ரகசியத்தையும் தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்கள். டீ அடுப்பு வரைக்கும் எல்லாமே கேட்டது. ஆசுபத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முன்பெல்லாம் வீட்டுக்காரர் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும், இப்போது அவர்தான் வண்டி எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது, ஒரு கணவர் திரும்பி மனைவியைப் பார்த்து, எவ்வளவு போடட்டும் என்று கேட்டார். காகித ஆலைக்காரர் தன் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை என்றும், ஆனாலும் கருத்து உண்டு என்றும் தொடங்கி, கோழி குறுக்கே வந்தால்கூட ஹாரன் அடிக்கிறார்கள், அதை மட்டும் குறைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அதையும் வெள்ளைப் படிவத்தில் அந்தப் பெண் அப்படியே எழுதினாள். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போண்டா இரண்டு ஈடு கருகியது.

எதிர்வீட்டுப் பெண் கடைசியாக வந்தாள், ஸ்கூட்டரில். திடலை ஒரு சுற்றுச் சுற்றி, முன்பு வாழைப்பழ வண்டியை இடித்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளுக்குக் கிடைத்தது மஞ்சள் படிவம். மற்றவர்களைவிட அவள்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை, மெல்லப் பேசினாள். எழுந்திருக்கும்போது, என்னுடையது எந்தப் பையில் போகும் என்று கேட்டாள். சேலத்துப் பெண் பூசி மெழுகவில்லை.

"இந்தப் பையில அக்கா. கணக்குல சேராது. ஆனா நான் எல்லாத்தையும் படிப்பேன்."

"படிச்சாப் போதும் சாமி," என்று சொல்லிவிட்டு, நேராக அடுப்புக்கு வந்து என் மனைவியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நவுருங்க அக்கா. ஸ்கூட்டரு ஓட்டக் கத்துக்கறதுக்குள்ள ஊரையே கருக விட்டுருவீங்களாட்ட இருக்குது."

மார்கழியில், கோலப்பொடி மணக்கும் ஒரு காலையில் செய்தி வந்தது. தேர்ந்தெடுத்த வீடுகள் எல்லாமே பதில் சொல்லியிருந்தன. அப்படி ஒரு ஊரை அவர்கள் அலுவலகம் பார்த்ததில்லையாம். தை பிறந்ததும் இரண்டாம் அணி தொடங்கும். அன்றைய தாளின் பின்பக்கத்தில் "அனுமதி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தில் தேதியைச் சுற்றிக் குங்குமத்தால் ஒரு வட்டம் இருக்கிறது. அது நான் போட்டதில்லை.

என் மனைவி கற்றுக்கொண்ட கதையை என்னால் எழுத முடியாது. திடல் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வந்தால் எத்தனை முறை காலை ஊன்றினாள் என்று தேதி போட்டு எழுதிவைத்துவிடுவேனாம். எதிர்வீட்டுப் பெண்தான் பக்கத்திலேயே ஓடி ஓடிப் பிடித்துக்கொண்டாள் என்று கேள்வி. உரிமம் வந்த நாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு தங்கை வீட்டுக் காப்பி ஆறுவதில்லை.

இந்த ஆண்டு இரண்டாம் அணிக்கும் மதிப்பீடு நடந்தது. ஊர் முழுவதையும் முறைப்படி அழைத்துவிட்டு, குலுக்கலில் வந்தவர்களை மட்டும் எண்ணுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த முறை கம்ப்யூட்டர் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. அதே சேலத்துப் பெண் வந்து என் மனைவியிடம் கேள்விகளைக் கேட்டாள், என்னை வெளியே போகச் சொன்னாள். வாசலில் நின்றபோது தனியாக நீங்கள் ஓட்டிப்போன அதிகபட்ச தூரம் எது என்ற கேள்வி காதில் விழுந்தது.

"ஈரோடு சாமி. காவேரிப் பாலந் தாண்டிப் போயிட்டு வந்தேன்."

எனக்கு இது புதுச் செய்தி. படிவம் பைக்குள் போனதும் எந்த நாள் என்று கேட்டேன். ஒரு நாள் என்றாள். பாலத்தின் தலைமாட்டில் இருக்கும் கல்லைப் பார்த்தாயா, அதில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"நா வண்டி ஓட்டிட்டுப் போனனுங்க. படிச்சுட்டுப் போகல."

எதிர்வீட்டுப் பெண்ணை விசாரித்தேன். நாள் அவளுக்கும் நினைவில்லையாம். அன்றைக்கு அவளும் தன் வண்டியில் பள்ளிபாளையம் வரைக்கும் கூடப் போயிருக்கிறாள். அக்கா முன்னால் போனதைப் பார்த்தாளாம். பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பேருந்து குறுக்கே வந்து மறைத்துவிட்டதாம். அப்புறம் அக்கா திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம். முகம் ஆதாரம் ஆகாது. வீட்டில் ஈரோட்டுத் துணிக்கடைப் பை ஒன்று புதிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பைகள் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கிடைக்கும். சாட்சி சொல்லும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

ஆகவே என் தாளில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: என் மனைவி தனியாக ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடந்து ஈரோடு போய்த் திரும்பினாள் என்று சொல்லப்படுகிறது. நாள் தெரியவில்லை. சரிபார்க்கப்படவில்லை.